ஆடியில் வந்த மஞ்சள் வாலாட்டி

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு குளக்கரையில் போய் நிற்கிற நம் கூட்டத்துக்காக இதை எழுதுகிறேன். நமக்கெல்லாம் முப்பது தாண்டிவிட்டது. மூக்குக் கண்ணாடி, முழங்கால் வலி, சேற்றில் இறங்குமுன் செருப்பைப் பற்றிய கவலை என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. ஒரு பறவையைப் பார்த்தால் கைபேசியில் அதன் பெயரைத் தட்டுகிறோம். இடமும் நேரமும் தாமாக ஏறிக்கொள்கின்றன. போன வாரம் நம்மில் ஒருத்தி, "உனக்கு இந்தக் கிறுக்கு எப்பப் பிடிச்சுது?" என்று கேட்டாள். "சின்ன வயசுலயே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். நான் பக்கத்தில் வைத்துப் பார்த்த முதல் பறவைகள் எல்லாம் செத்தவை என்பதைக் குளக்கரையில் நின்று எப்படிச் சொல்வது?

ஐந்தாம் வகுப்பில் பாதி வருடம் சங்கரன்கோவிலில் படித்தேன். ஊரின் பெரிய திருவிழாவான ஆடித்தபசு முடிந்து, ராட்டினக்காரர்கள் கம்பிகளைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த வாரத்தில் என்னை அங்கே கொண்டு விட்டார்கள். தம்பிக்கு இதயத்தில் ஓட்டை. அறுவை சிகிச்சைக்காக அப்பாவும் அம்மாவும் அவனைச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னிடம் சொன்னது வேறு: "தம்பிக்குக் காய்ச்சல். ஒரு வாரத்துல வந்துருவோம்." ஒரு வாரத்துக்கு யாராவது பழைய பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கிப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்களா என்று எனக்குத் தோன்றவில்லை. குழந்தை பயப்படக் கூடாது என்று அவர்கள் நினைத்தார்கள். நான் ஏதோ தப்புச் செய்ததால்தான் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நான் நினைத்தேன்.

அத்தை என் அப்பாவின் மூத்த அக்கா. கல்யாணம் ஆகவில்லை. தாத்தா கட்டிய அந்த வீட்டில் தனியாக இருந்தாள். தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். அத்தை கோபக்காரி அல்ல, பேசும் பழக்கம் விட்டுப் போனவள். அவள் ஒரு நாளில் என்னிடம் சொல்லக்கூடிய வாக்கியங்களை நான் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். "எந்திரி மக்கா." "தலையத் துவட்டு." "மோர் ஊத்தட்டா?" "லைட்ட அணை." புதிதாக ஒரு வாக்கியம் வந்தால் அன்று நல்ல நாள்.

மற்ற நேரமெல்லாம் தறிச் சத்தம். பக்கத்து வீடுகளில் விசைத்தறி ஓடிக்கொண்டே இருக்கும். கரண்டு போனால் தெரு முழுவதும் சட்டென்று அடங்கி, அத்தை காய் நறுக்கும் சத்தம்கூடக் கேட்கும். எனக்கு அந்த அமைதிதான் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்வார். "நல்லாயிருக்கியா? அத்த சொன்னதக் கேக்கணும்" என்று முடித்துவிடுவார். பின்னால் ஆஸ்பத்திரியின் இரைச்சல் கேட்கும். அதைச் சந்தை இரைச்சல் என்று நினைத்திருந்தேன்.

கடைசி அறையில் இரண்டு பெரிய தகரப் பெட்டிகள் இருந்தன. அவற்றுக்குள் அடுக்கடுக்காக மரத்தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் பறவைகள் வரிசையாக மல்லாந்து படுத்திருந்தன. சிறகுகள் உடம்போடு ஒட்டி, அலகு மேலே பார்த்து, கண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பஞ்சோடு. கால்கள் ஒன்றன் மேல் ஒன்று குறுக்காகக் கிடந்தன. பனங்காடை, கொண்டலாத்தி, மரங்கொத்தி, உள்ளான், கரிச்சான், தவிட்டுக்குருவி. பனங்காடையின் சிறகை மட்டும் அத்தை ஒரு முறை விரலால் லேசாக விலக்கிக் காட்டினாள். உள்ளே இருந்த நீலத்தைப் போல ஒரு நீலத்தை நான் அதன் பிறகு எந்தத் துணியிலும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அத்தை பெட்டியைத் திறந்து பழைய அந்துருண்டைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போடுவாள். அதோடு ஒவ்வொரு தட்டின் மூலையிலும் ஒரு சின்னப் பொட்டலம் வைப்பாள். கோயிலிலிருந்து கொண்டுவந்த புற்று மண். எங்கள் ஊரில் தோலில் சொறி வந்தாலும், வீட்டில் தேள் வந்தாலும் அந்த மண்தான் மருந்து. பறவைகளை ஒரு பூச்சியும் அரிக்கவில்லை. அந்துருண்டையா, புற்று மண்ணா, எது காரணம் என்று நான் கேட்டேன். "ரெண்டுந்தான். எதையாவது நிப்பாட்டிப் பாக்கவா முடியும்?" என்றாள். இப்போது அளவுக்கருவிகளைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிற எனக்கு அந்தப் பதில் அடிக்கடி நினைவு வருகிறது.

பள்ளிக்கூடத்தில் எங்கள் வீடு 'குருவி வாத்தியார் வீடு'. என் பெஞ்சில் இருந்தவள் முதல் நாளே கேட்டாள்.

"ஏட்டி, ஒங்க வீட்ல செத்த குருவிய எல்லாம் அடுக்கி வச்சிருக்காகளாமே. ராத்திரி பறக்குமாட்டி?"

"தெரியாது. நான் சீக்கிரம் தூங்கிருவேன்."

"ஒங்க அத்தை அதுகளுக்குச் சோறு வைப்பாகளாமே?"

"அந்துருண்டை வைப்பாங்க."

அவள் இதை வகுப்பு முழுவதும் சொன்னாள். சிரிப்பு அடங்கிய பிறகு யாரும் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. என் புத்தகப்பையில் அந்துருண்டை வாடை வந்தது உண்மைதான்.

தாத்தாவுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன என்பது எனக்கு மெல்ல மெல்லத் தெரிந்தது. ஊருக்கு அவர் எழுத்தாளர். உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டு பத்திரிகைகளில் கதை எழுதியவர். மூன்று தொகுப்புகள் வந்திருக்கின்றன. ஆனால் அவர் தம்மைப் பறவை ஆராய்கிறவராகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாராம். அந்தக் காலத்தில் பறவையை அறிவது என்றால் சுடுவது. வாத்தியார் கைக்கு எட்டும் விலையில் பைனாகுலர் கிடையாது, கேமரா கிடையாது. லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று, தோலை உரிக்கச் சின்னக் கத்தி, பஞ்சு, நூல். விடுமுறை நாட்களில் தாத்தா வாசுதேவநல்லூர் குளங்களுக்கும், திருவேங்கடம் பக்கத்துக் கரிசலுக்கும், ராயகிரிக்கு மேற்கே மலை அடிவாரத்துக்கும் போவார். மூத்த மகள் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போவாள். சுடக் கூடாது என்று சட்டம் வந்ததும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். பறவைகளைப் பற்றி அவர் எழுதிய சிறு நூலை அச்சிட யாரும் முன்வரவில்லை. கதைகளை நூலகத்தில் வைத்தார்கள். பறவைகள் கடைசி அறையில் தங்கிவிட்டன.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் ஜவுளிக்கடை அண்ணாச்சி. கடைக்குப் பின்னால் வாசகர் வட்டம் நடத்தியவர். பெரிய குரல், பெரிய வயிறு, தாத்தாவின் கதைகள் மீது பெரிய பக்தி. நூலகத்தில் தாத்தாவின் படத்தைத் திறக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அதைச் சொல்ல ஒரு நாள் அத்தையிடம் வந்தார்.

"யக்கா, அப்பா கதையப் பத்தி நான் ஒரு நாள் பூரா பேசுவேன். பறவையப் பத்திக் கேட்டா எனக்குக் காக்காவும் கோழியுந்தான் தெரியும். அதுலயும் கோழி கொழம்புலதான்."

அத்தை சிரிக்கவில்லை. "கதையப் பத்தித்தான் எல்லாரும் பேசுதாகளே. அப்பா உசுரா இருந்தது இதுக மேலதான். எனக்கப்புறம் இதுக குப்பைக்குப் போயிரும். எங்கயாவது ஒரு இடத்துல, கண்ணாடிக்குள்ள, அப்பா பேரப் போட்டு வைக்கணும். அதுக்கு ஒரு வழி பாருங்க அண்ணாச்சி."

அத்தை ஒருவரிடம் இப்படிக் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அண்ணாச்சி அசையாதவர் அல்ல. யார் யாருக்கோ எழுதி, வெளியூர் அருங்காட்சியகம் ஒன்றில் பறவைத் தோல்களைக் கவனிக்கும் ஒருவரை வரவழைத்துவிட்டார். "சாரு பாத்துப் பிடிச்சுப்போச்சுன்னா வண்டி அனுப்புவாக. அப்பா பேரு அங்க ஏட்டுல ஏறிரும். நோட்டீசுல 'எழுத்தாளர், பறவை அறிஞர்'னு போடச் சொல்லிட்டேன்."

கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு காலையில் அருங்காட்சியகத்துக்காரர் ராஜபாளையம் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். அன்று எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டாள். முந்தின நாளே அவள் செய்தவை: அறையைக் கழுவினாள், மேசைக்கு வெள்ளை வேட்டி விரித்தாள், எதிர்வீட்டில் நல்ல டம்ளர்கள் இரவல் வாங்கினாள், பட்டுச்சேலையை எடுத்து உதறிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்து, மறுநாள் கட்டக் கைத்தறிச்சேலையை எடுத்து வைத்தாள்.

வந்தவர் முதல் தட்டைத் தூக்கினார். மூலையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார்.

"இது என்னம்மா, மண்ணு?"

"புத்து மண்ணு. கோயில்ல உள்ளது. இது இருந்தாப் பூச்சிபொட்டு அண்டாது."

அவர் சிரித்தார். "பூச்சி அண்டாததுக்குக் காரணம் இது இல்லம்மா. அந்தக் காலத்துல தோலுக்கு உள்பக்கம் ஆர்செனிக் பூசுவாங்க. விஷம். நீங்க வெறுங்கையாலயா தொடுறீங்க?"

அத்தை தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தாள். "இத்தன வருசமா தொடுதேன். எனக்கு ஒண்ணும் ஆகலியே."

"அதுக்குக் காரணம் புத்து மண்ணுதான் சார்" என்றார் அண்ணாச்சி.

அவர் பனங்காடையைக் கையில் எடுத்தார். நிறத்தைப் பார்க்கவில்லை, சிறகைப் பார்க்கவில்லை. நேராகக் காலைப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். அதன் காலையும் பார்த்தார். இரண்டாவது தட்டு, மூன்றாவது தட்டு. எல்லாவற்றிலும் கால்களை மட்டும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சீட்டெல்லாம் எங்கம்மா?"

"எந்தச் சீட்டு?"

"ஒவ்வொரு பறவைக்கும் ரெண்டு காலையும் சேத்து நூலால கட்டி, அதுல ஒரு சின்ன அட்டை தொங்கும். எங்க சுட்டது, எந்த நாள், யாரு சுட்டதுன்னு எழுதியிருக்கும். உங்க அப்பா கட்டியிருப்பாரே. கால்ல நூல் இருந்த தடம் தெரியுது."

"ஆமா, கட்டியிருந்தாக. நான்தான் அவுத்துவிட்டேன்."

அவள் அதைச் சொன்ன விதம், மழைக்கு முன்னால் துணி எடுத்துவிட்டேன் என்று சொல்வதுபோல் இருந்தது. அண்ணாச்சி, "எப்பக்கா?" என்றார்.

"அப்பா போன அன்னைக்கு."

பிறகு அத்தை பேசியதுதான் அவள் தொடர்ச்சியாகப் பேசி நான் கேட்ட முதல் நீண்ட பேச்சு.

"அப்பாவுக்குக் கால் பெருவெரல் ரெண்டையும் சேத்துக் கட்டிப் படுக்க வச்சிருந்தாக. வழக்கந்தான. சுடுகாட்டுல கொண்டு போயி, தீ வைக்கதுக்கு முன்னால அந்தக் கட்ட அவுப்பாக. அவுக்கலன்னா போற உசுருக்கு நடக்க முடியாதும்பாக. நாங்க பொம்பளைக தெருமுக்கோட நின்னுக்கிட்டோம். அவுத்தாகளா, மறந்துட்டாகளா, நான் பாக்கல. கொள்ளி வச்சது தம்பி, சின்னப்பய, அவனுக்கு என்ன தெரியும். வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு இந்த ரூமத் தொறந்தேன். பாத்தா, இத்தனையும் காலக் கட்டிப்போட்டுக் கெடக்கு. மனசு கேக்கல. ஒவ்வொண்ணா அவுத்துவிட்டேன்."

"அட்டை?"

"நூலையும் அட்டையையும் சேத்து வென்னி அடுப்புல போட்டுட்டேன்."

வந்தவர் அத்தையை ஏறிட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று நான் பயந்தேன். அவர் கையிலிருந்த பறவையைத் தட்டில் வைத்து, அதன் கால்களைப் பழையபடி குறுக்காக வைத்தார்.

"அம்மா, அந்தக் காலத்துல சுட்டவங்க எத்தனையோ பேரு. வெள்ளைக்காரங்க, ஜமீன்தாருங்க, வாத்தியாருங்க. அவங்க எழுதின புத்தகம் பாதி இப்ப யாருக்கும் தெரியாது. எந்தப் பேரு இன்னைக்கும் நிக்குதுன்னா, அட்டையில இருக்கிற பேருதான். இடமும் நாளும் தெரியலன்னா இது பஞ்சு அடைச்ச தோலு. அவ்வளவுதான்."

அத்தை தட்டில் கிடந்த கால்களைப் பார்த்தாள். அவள் செய்தது என்ன என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அண்ணாச்சி பதறிப்போய், "சார், யக்கா கூடவே போனவுக. எல்லாம் ஞாபகம் இருக்கும். கேட்டுப் பாருங்க" என்றார்.

வந்தவர் யோசித்தார். நல்ல மனிதர் என்று இப்போதும் சொல்வேன். என் வேலையில் நான் அவ்வளவு இடம் கொடுக்கமாட்டேன். "'சேகரித்தவரின் மகள் நினைவிலிருந்து சொன்னது'ன்னு போட்டு எழுதலாம். மேல ஒத்துக்குவாங்களான்னு தெரியாது. சிலதாவது இடமும் மாசமும் சரியா வந்தா நான் கேட்டுப் பார்க்குறேன்" என்று பேனாவைத் திறந்தார்.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் ஒவ்வொரு பறவையாக நீட்ட, கண்ணை மூடித் திறந்து சொன்னாள்.

உள்ளான். "வாசுதேவநல்லூர் குளம். தண்ணி வத்திக் கெடந்துச்சு. நான் முட்டளவு சேத்துல எறங்கி எடுத்தேன். ஒரு செருப்பு அங்கனயே போச்சு. மாசி."

"சரியா இருக்கு" என்று எழுதினார்.

பனங்காடை. "திருவேங்கடம் போற வழி. பருத்தி வெடிச்சிருந்த நேரம். மத்தியானம் எங்கயும் நெழல் இல்ல. மாட்டுவண்டிக்கு அடியில உக்காந்து சோறு தின்னோம்."

எழுதினார்.

மரங்கொத்தி. "ராயகிரிக்கு மேக்க, புளியந்தோப்பு. தோப்புக்காரன் எங்களக் களவாங்க வந்தவுகன்னு நெனச்சு வெரட்டுனான். அப்பா துப்பாக்கியத் தூக்கிட்டு ஓடுதாக, நான் குருவியத் தூக்கிட்டு ஓடுதேன்."

அண்ணாச்சி தொடையைத் தட்டிச் சிரித்தார். வந்தவரும் சிரித்தார். அத்தைகூட. அந்த அறையில் அப்படி ஒரு சத்தம் எப்போது கேட்டிருக்கும்? அவளுடைய நினைவில் பறவைகள் செருப்பாலும் நிழலாலும் பசியாலும் அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றும் பிசகவில்லை.

கடைசித் தட்டில் சிறிய பறவைகள். அவர் ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டு போனார். வயிறு நல்ல மஞ்சள், நீள வால். தலையின் நிறத்தைப் பார்த்துவிட்டு, "மஞ்சள் வாலாட்டி. இந்தத் தலை நிறம் உள்ள வகை எங்ககிட்ட தெற்குப் பக்கத்துலேருந்து ஒண்ணுகூட இல்ல" என்றார். குரல் மாறியிருந்தது. "இது ஒண்ணு நிச்சயமாத் தெரிஞ்சாப் போதும்மா. மத்ததையும் சேத்து உங்க அப்பா பேர்ல வாங்கிக்கச் சொல்லிருவேன். எப்ப, எங்க?"

அத்தை அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். மற்றவற்றை அவள் வாங்கவில்லை.

"ஊருக்குப் பக்கத்துலதான். ஆடி. தபசுக்கு மறுநாள்."

பேனா நின்றது. "ஆடியா?"

"ஆமா. அன்னைக்கு என்னப் பொண்ணு பாக்க வந்திருந்தாக. சிவகிரிப் பக்கத்து ஆளுக. அவரு, அவுக அம்மா, ஒரு அக்கா. அப்பா விடியக்காலம் போனவுக வரவே இல்ல. அம்மா வாசலுக்கும் அடுப்புக்கும் நடக்காக. வந்தவுக காப்பியக் குடிச்சிட்டு எந்திரிச்சிட்டாக. அவுக படி எறங்கவும், அப்பா இதக் கையில வச்சிக்கிட்டு வரவும் சரியா இருந்துச்சு. அவரு அப்பாகிட்ட இத வாங்கிப் பாத்தாரு. 'எவ்வளவு மஞ்சளா இருக்கு'ன்னாரு. அம்புட்டுத்தான் பேசுனாரு."

வந்தவர் தணிந்த குரலில் சொன்னார். "அம்மா, இது இங்க குளிர்காலத்துக்கு வர்ற பறவை. ஆடியில வடக்க, எங்கயோ தூர தேசத்துல குஞ்சு பொரிச்சுக்கிட்டிருக்கும். ஆடியில இங்க இருக்காது. மார்கழியா இருக்குமோ? தையா?"

"ஆடிதான்."

"யக்கா, நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றார் அண்ணாச்சி. "தைன்னு சொல்லுங்கக்கா. ஒரு மாசப் பேருதான. அப்பா பேரு ஏறப்போகுது."

வந்தவர் காத்திருந்தார். அவர் பேனாவை மூடவில்லை என்பதை நான் பார்த்தேன். அத்தையும் பார்த்தாள்.

"தைல யாரும் வரல அண்ணாச்சி" என்றாள். "எந்தத் தைலயும் வரல."

அவர் பேனாவை மூடினார். ஒன்று தவறினால் மற்றவற்றையும் நம்பச் சொல்லித் தன்னால் கேட்க முடியாது என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். கிணற்றடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினார், என்னையும் கழுவச் சொன்னார். இனி குழந்தையை அந்த அறைக்குள் விட வேண்டாம் என்றார். பறவைகளை எரிக்கவும் கூடாது, புகையிலும் விஷம் இருக்கும் என்றார். அண்ணாச்சி அவரை பஸ் ஏற்றிவிடப் போனார்.

அந்த மார்கழியில் நூலகத்தில் படம் திறந்தார்கள். நோட்டீசுகளில் 'பறவை அறிஞர்' என்ற இடத்தில் அண்ணாச்சி கடை மையால் ஒவ்வொன்றாகக் கோடு போட்டிருந்தார். படம் இப்போதும் அங்கே இருக்கிறது. கீழே 'எழுத்தாளர்' என்று மட்டும். பொங்கலுக்கு அப்பா வந்து என்னைக் கூட்டிப்போனார். தம்பியின் மார்பில் இருந்த நீளத் தழும்பைப் பார்த்துத்தான் காய்ச்சல் அல்ல என்று தெரிந்துகொண்டேன். சில வருடங்களில் அத்தை இறந்தாள். வீட்டை வாங்கியவர் பின்பக்கத்தில் பெரிய குழி தோண்டிப் பெட்டிகளை அப்படியே இறக்கி மூடிவிட்டதாக அப்பா சொன்னார். இப்போது அதன் மேல் தறி ஓடுகிறது.

எனக்குக் கல்யாணப் பேச்சு தொடங்கிய வருடம், அம்மா போனில் யாரிடமோ, "ஆடி கழியட்டும், ஆடியில யாரு பொண்ணு பாக்க வருவாக" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த அறையில் அன்று இருந்த பெரியவர்கள் இருவருக்கும் தெரிந்திருக்கும். ஒருவர் பறவையின் மாதத்தை மட்டும் பார்த்தார். இன்னொருவர் பெருந்தன்மையால் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

எனக்குத் தெரிந்த முறையில் இதைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். தபசு பார்க்க வந்த தூரத்து உறவுக்காரர்கள், போகிற வழியில் காபி குடிக்க நுழைந்திருக்கலாம். கூட்டத்தில் வந்த ஒரு இளைஞன் ஒரு பறவையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைப் பெண் பார்த்ததாக எடுத்துக்கொண்டு ஒரு பெண் பதிலுக்குக் காத்திருந்திருக்கலாம், தை தையாக. அல்லது வந்தவர்களே மாதம் பாராமல், திருவிழாச் சாக்கில் பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போக வந்தவர்களாகவும் இருக்கலாம். பறவைக்கும் ஒரு விளக்கம் உண்டு. அதே தட்டில் மாம்பழச்சிட்டு ஒன்று இருந்தது. அதுவும் மஞ்சள்தான். அது வருடம் முழுவதும் நம் ஊரிலேயே இருக்கிற பறவை, ஆடியிலும் இருக்கும். தாத்தா அன்று கொண்டுவந்தது அதுவாக இருக்கலாம். அட்டை இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அட்டைகளை எரித்தபோது அத்தை தன்னுடைய அந்த நாளுக்கான சாட்சியையும் எரித்துவிட்டாளோ என்னவோ.

எதுவும் நிச்சயமில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். தை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தாத்தாவின் பெயர் கண்ணாடிக்குள் போயிருக்கும். அவளுடைய வாழ்நாள் ஆசை அது. அவள் சொல்லவில்லை. பறவைக்குத் தகுந்தபடி தன் நாளை நகர்த்த அவளால் முடியவில்லை.

வந்தவர் பஸ் ஏறிப் போன அன்று சாயங்காலம் அவள் இரவல் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கரண்டு போய், தறிகள் நின்றிருந்தன. நான் அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவளாகவே பேசினாள்.

"ஏட்டி, ஆடியில வாலாட்டி வராதா?"

"அந்த சார் வராதுன்னு சொன்னாரே அத்தை. அவர் படிச்சவர்."

"படிச்சவருதான். பொய் சொல்லுத மூஞ்சி இல்ல." டம்ளர் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திரும்பவும் துடைத்தாள்.

"எல்லா வருசமும் வராது மக்கா. அந்த வருசம் ஒண்ணு வந்துச்சு."